பால்கோவா ஊரிலிருந்து மக்ரூன் ஊருக்கு

இத்தாலி தேசத்துத் துறைமுகப் பட்டினங்களுக்குப் போய் வந்தவர்கள் எழுதும் கட்டுரைகளை நம் வாசகர்கள் நிறையப் படித்திருப்பார்கள். நேபிள்ஸில் இறங்கியதும் பீட்ஸா சாப்பிட்டார்கள். ஜெனோவாவில், துளசிக்கு ஒன்றுவிட்ட தங்கை போன்ற ஒரு தழையைப் பூண்டும் பாற்கட்டியும் எண்ணெயும் சேர்த்து அரைத்த துவையலை ருசி பார்த்தார்கள். வெனிஸில் வீதிக்குப் பதிலாகத் தண்ணீரே ஓடக் கண்டு அதிசயித்தார்கள். இவற்றைப் படிக்கும்போது நமக்கும் நாவில் நீர் ஊறுவது வாஸ்தவந்தான். ஆனால் பள்ளிக்கூடத்து உபாத்தியாயருடைய சம்பளத்தில் ஜெனோவா வரையில் போய் ஒரு துவையலைச் சாப்பிட்டு வருவதென்பது நடக்கிற காரியமா? ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டில் ஏறி, கைக்கு அடக்கமான செலவில் போய் வரக்கூடிய துறைமுகப் பட்டினம் ஒன்று உண்டு. அதன் பெயர் தூத்துக்குடி.

"தூத்துக்குடியா? அங்கே பார்ப்பதற்கு என்ன இருக்கிறது? உப்பும் வெயிலும்தானே!" என்று சிலர் உதட்டைப் பிதுக்கக் கூடும். அப்படிச் சொல்பவர்களில் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் திருச்செந்தூருக்குப் போகிற அவசரத்தில் அந்த ஊரை பஸ்ஸின் ஜன்னல் வழியாக மட்டும் பார்த்தவர்களாயிருப்பார்கள். ஜெனோவாவையும் ரெயில் ஜன்னல் வழியாகப் பார்த்தால் அழுக்குச் சுவர்கள்தான் தெரியும்.

மலையடிவாரத்து மனிதர்களாகிய நமக்குச் சமுத்திரம் என்பது சற்றுத் தூரத்து உறவு. ராஜபாளையத்தில் காலையில் கண் விழித்தால் சஞ்சீவி மலை தெரியும். மேற்குத் தொடர்ச்சி மலையின் நீலச்சுவரும் தெரியும். மழை எந்தத் திசையிலிருந்து வருமென்பது நமக்குத் தெரியும். கப்பல் எந்தத் திசையில் போகிறதென்பது தெரியாது. ஆனால் நம்முடைய ஊர்களின் ஜீவனம் அந்தத் துறைமுகத்தோடு பின்னிக் கிடக்கிறது. 1936-ஆம் ஆண்டில் பி. ஏ. சி. ராமசாமி ராஜா தொடங்கிய ராஜபாளையம் மில்லும், அதன்பின் ஒன்றன்பின் ஒன்றாக எழுந்த மற்ற மில்களும் நூற்கும் நூலில் ஒரு பகுதி தூத்துக்குடி வழியாகத்தான் கடல் தாண்டுகிறது. பக்கத்துச் சத்திரப்பட்டியில் தறிகள் நெய்து தள்ளுகிற கட்டுத்துணி, எந்தெந்த நாட்டு ஆஸ்பத்திரிகளிலோ யார் யாருடைய காயங்களையோ சுற்றுவதற்காகப் போவதும் அந்த வழியாகத்தான். நூல் போகிற இடத்தை நூற்கிறவன் ஒருமுறையாவது பார்க்க வேண்டாமா?

இந்தக் கேள்வியை நாம் நம் பள்ளிக்கூடத்து டிராயிங் மாஸ்டரிடம் போட்டோம். அவர் ராஜபாளையத்துக்காரர், சப்பட்டை மாம்பழத்துக்கும் பஞ்சவர்ணத்துக்கும் உள்ள வித்தியாசத்தைக் கண்ணை மூடிக்கொண்டு முகர்ந்தே சொல்லிவிடக் கூடியவர். "ஸார், கடலைப் பார்க்க நான் வரவில்லை, மீனைப் பார்க்க வருகிறேன்" என்று ஒரே வார்த்தையில் சம்மதித்துவிட்டார். ஒரு சனிக்கிழமை விடியற்காலையில் கிளம்பினோம்.

இந்தப் பிரயாணத்தில் ஒரு விசேஷம் உண்டு. தூரம் நூறு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கூடுதல்தான். ஆனால் வழிநெடுக ஊருக்கு ஊர் ருசி மாறுகிறது. புறப்படும் இடத்தில் பால்கோவா. சிவகாசி வழியாகச் சாத்தூர் போனால் காரச்சேவு. அங்கிருந்து கோவில்பட்டி போனால் கடலை மிட்டாய். ஒவ்வோர் ஊரும் தனக்கென்று ஒரு பண்டத்தை வைத்துக்கொண்டு, அதைத் தன் பெயருக்கு முன்னால் பட்டம்போல் போட்டுக்கொண்டிருக்கிறது. ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவுக்கு 2019-லும், கோவில்பட்டிக் கடலை மிட்டாய்க்கு 2020-லும் சர்க்கார் புவிசார் குறியீடு கொடுத்திருக்கிறது. அதாவது, அந்தப் பெயரைச் சொல்லி வேறோர் ஊர்க்காரர் வேறொரு சரக்கை விற்பது சட்டப்படி குற்றம். கரிசல் பூமியைத் தாண்டி எட்டயபுரம் வரும்போது டிராயிங் மாஸ்டர் கைகூப்பினார். பாரதியார் பிறந்த ஊர் வழியாகப் போகிறவர்கள் தூங்கிக்கொண்டு போகலாகாது என்பது அவருடைய சித்தாந்தம்.

தூத்துக்குடியில் இறங்கியதும் முதலில் பனிமய மாதா கோயிலுக்குப் போனோம். சித்திரை வெயில் மண்டையைப் பிளக்கிற ஊரில் பனிமய மாதாவா என்று யாரும் வியக்க வேண்டாம். அந்தப் பெயர் இத்தாலியிலிருந்து வந்தது. நாலாம் நூற்றாண்டில், ரோமாபுரியில் ஆகஸ்டு மாதத்து வெயில் காலத்தில் ஒரு குன்றின்மேல் பனி பெய்ததென்றும், அந்த இடத்தில் மாதாவுக்குக் கோயில் எழுந்ததென்றும் ஐதிகம். அந்த மாதாவே முத்துக்குளிக்கும் பரதவர்களின் தாயாகித் தூத்துக்குடியில் வந்து அமர்ந்தாள். இப்போதுள்ள கோயில் 1713-இல் கட்டப்பட்டது. 1982-இல் அதற்குப் பேராலயம் என்ற பதவி ரோமாபுரியிலிருந்து கிடைத்தது. ஆகஸ்டு 5-ஆம் தேதி திருவிழா. சில விசேஷ ஆண்டுகளில் மாதாவைத் தங்கத் தேரில் வைத்து வடம்பிடித்து இழுக்கிறார்கள்.

'வடம்' என்ற வார்த்தையைக் கேட்டதும் ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரராகிய நமக்குக் காது நிமிர்ந்துவிட்டது. நம் ஊரிலும் ஆடிப்பூரத்தன்று ஆண்டாள் தேர் ஓடுகிறது. தமிழ்நாட்டுப் பெரிய தேர்களில் அது ஒன்று. ஆடி மாதத்திலேதான் அங்கும் வடம், இங்கும் வடம். மலையடிவாரத்தில் ஒரு தாய். கடற்கரையில் ஒரு தாய். இரண்டு தேர்களுக்கும் சக்கரம் நகரவேண்டுமானால் ஊர் முழுவதும் ஒரே திசையில் இழுத்தாக வேண்டும். இந்த விஷயத்தில் வைஷ்ணவத்துக்கும் கிறிஸ்தவத்துக்கும் அபிப்பிராய பேதம் கிடையாது.

இத்தாலி சம்பந்தம் இந்தக் கடற்கரைக்குப் புதிதல்ல. வெனிஸ் துறைமுகத்துப் பிரஜையான மார்க்கோ போலோ என்ற யாத்திரிகர் சுமார் 1292-ஆம் ஆண்டில் இந்தப் பக்கத்துக்கு வந்தார். அப்போது தூத்துக்குடிக்குப் பெருமை வரவில்லை. தெற்கே சிறிது தூரத்திலுள்ள காயல்தான் பெருந்துறைமுகம். ஹோர்முஸிலிருந்தும் ஏடனிலிருந்தும் குதிரைகளை ஏற்றிக்கொண்டு கப்பல்கள் அங்கே வந்து நின்றதையும், ஊர்ஜனங்கள் எப்போது பார்த்தாலும் வெற்றிலை மென்றுகொண்டிருந்ததையும் அவர் சொல்லியிருக்கிறார். முத்துக்குளிப்பைப் பற்றியும் விவரமாகச் சொல்லியிருக்கிறார். எடுத்த முத்தில் பத்தில் ஒரு பங்கு ராஜாவுக்கு. இருபதில் ஒரு பங்கு, சுறாமீன் கடிக்காமல் மந்திரம் போட்டுக் கட்டுகிறவர்களுக்கு. ஊர் திரும்பியபின் வெனிஸுக்கும் ஜெனோவாவுக்கும் நடந்த சண்டையில் பிடிபட்டு, ஜெனோவா சிறையில் உட்கார்ந்துகொண்டு உடன் கைதி ஒருவரிடம் அவர் இந்த விருத்தாந்தங்களைச் சொல்லி எழுதுவித்தார் என்பது சரித்திரம். ஆகவே, ஜெனோவா துறைமுகத்தின் சிறைச்சாலையில் நம்முடைய வெற்றிலைப் பாக்கைப்பற்றிப் பேச்சு நடந்திருக்கிறது!

காயலுக்கும் முன்னால் கொற்கை. பாண்டியர்களுடைய முத்துத்துறை. இன்று போய்ப் பார்த்தால் வயலும் வாழையுமாக இருக்கிறது. கடல் சில கிலோமீட்டர் தள்ளிப் போய்விட்டது. தாமிரபரணி கொண்டுவந்து கொட்டிய வண்டல் கொற்கையைத் தூர்த்தது. பிறகு காயலைத் தூர்த்தது. கடைசியில் துறைமுகம் வடக்கே நகர்ந்து தூத்துக்குடியில் நிலைகொண்டது. நதி நெல்லைக் கொடுத்தது. அதற்கு விலையாக இரண்டு துறைமுகங்களை எடுத்துக்கொண்டது. முத்தின் கதையும் முடிந்துவிட்டது. 1961-க்குப் பிறகு இங்கே பெரிய முத்துக்குளிப்பு நடக்கவில்லை. சங்கு குளிப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

இனி, ஆகாரத்துக்கு வருவோம். டிராயிங் மாஸ்டர் நெடுநேரமாகக் காத்துக்கொண்டிருக்கிறார்.

மீன் இறங்குமிடத்தில் சீலா, பாறை, ஊளி, சாளை, கணவாய், சிங்கி இறால் என்று குவியல் குவியலாகக் கிடக்க, ஏலக்காரரின் குரல் எல்லாவற்றுக்கும் மேலே ஓங்கி நின்றது. மாஸ்டர் தம் நோட்டுப்புத்தகத்தை எடுத்து ஒரு சீலாவைப் படம் வரைந்தார். பிறகு ஓர் ஹோட்டலுக்குப் போய் அதே ஜாதியைச் சேர்ந்த வேறொரு சீலாவைக் குழம்பாகச் சந்தித்தார். தேங்காய் அரைத்து விட்டுப் புளியைக் கட்டுக்குள் வைத்த அந்தக் குழம்பைப் பற்றி அவர் பேசிய வார்த்தைகளை இங்கே எழுதினால் ராஜபாளையத்து வீடுகளில் மனஸ்தாபம் உண்டாகும், விட்டுவிடுகிறோம்.

இரவில் 'நைட் கிளப்' போகலாமென்று ஒருவர் சொன்னபோது நாம் திடுக்கிட்டோம். உபாத்தியாயர்கள் போகக்கூடிய இடமா அது? போய்ப் பார்த்தபின் சிரிப்பு வந்தது. அந்த ஊரில் பரோட்டாக் கடைக்குத்தான் அப்படிப் பெயர். மைதா மாவை வீசி, விசிறி, சுருட்டி, கல்லில் போட்டு, இரண்டு கைகளாலும் அடித்து நொறுக்கி, அதன்மேல் சால்னாவை ஊற்றுகிறார்கள். சங்கீதம் உண்டு, அது தோசைக் கரண்டியின் சங்கீதம். நடனமும் உண்டு, அதைப் பரோட்டா மாஸ்டரின் தோள்கள் ஆடுகின்றன. வாசகர்கள் குடும்பத்தோடு தைரியமாகப் போகலாம்.

ஆனால் தூத்துக்குடிக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது மீனுமல்ல, பரோட்டாவுமல்ல; மக்ரூன். வெள்ளை வெளேரென்று, அடி அகன்று நுனி கூர்ந்து, கோபுரம்போல் முறுக்கிக்கொண்டு நிற்கும் சின்னஞ்சிறு பண்டம். வாயில் போட்டால் முதலில் மொறுமொறுவென்று நொறுங்கும். பிறகு பல்லில் லேசாக ஒட்டும். அதற்குப் பிறகு என்ன ஆயிற்றென்று தெரியாது, கை அடுத்ததை எடுத்துக்கொண்டிருக்கும்.

பெயரைக் கேட்டாலே இது கப்பலேறி வந்த பண்டம் என்பது விளங்கும். இத்தாலியர்களின் 'மக்கரோனே' என்ற சொல்லே பிரெஞ்சு தேசம் போய், இங்கிலாந்து போய், கடைசியில் தூத்துக்குடிக்கு மக்ரூனாக வந்து சேர்ந்திருக்கிறது. நம் கடைகளில் விற்கும் மக்கரோனியும் மக்ரூனும் ஒரே வயிற்றில் பிறந்த சொற்கள். ஐரோப்பாவில் இதை வாதுமைப் பருப்பில் செய்தார்கள். தூத்துக்குடியில் வாதுமைக்கு எங்கே போவது? முந்திரிப் பருப்பைப் போட்டார்கள். அந்த முந்திரியும் சுதேசி அல்ல. பிரேஸிலிலிருந்து போர்த்துக்கீசியர் கொண்டுவந்த மரம். இத்தாலியப் பெயர், பிரேஸில் பருப்பு, தமிழன் கை. இந்தக் கூட்டுறவில் பிறந்ததை அந்நியப் பண்டம் என்று ஒதுக்க நமக்கு மனம் வரவில்லை. மிளகாயும் தக்காளியும்கூடக் கப்பலேறி வந்தவைதானே? எங்கே பிறந்தது என்பதைவிட எங்கே பக்குவப்பட்டது என்பதே ஒரு பண்டத்துக்கு ஊர்.

மக்ரூன் செய்கிற இடத்தைப் பார்க்க ஒரு பேக்கரி முதலாளி அன்போடு அனுமதித்தார். முட்டையின் வெள்ளைக் கருவை மட்டும் தனியே பிரிக்கிறார்கள். ஒரு துளி மஞ்சள் விழுந்தாலும் காரியம் கெட்டது. அதை நுரை பொங்க அடித்து, சிறிது சிறிதாகச் சர்க்கரையைச் சேர்த்து, பாத்திரத்தைக் கவிழ்த்தாலும் விழாத பதம் வந்ததும் முந்திரித் தூளை மெல்லக் கலக்கிறார்கள். வேகமாகக் கலந்தால் நுரை அடங்கிவிடும். பிறகு காகிதக் கூம்பில் நிரப்பி, தட்டில் வரிசை வரிசையாகப் பிழிகிறார்கள். அடுப்பில் சூடு மந்தமாக இருக்கவேண்டும். இது வேகிற பண்டமல்ல, உலர்கிற பண்டம். சூடு மிஞ்சினால் வெள்ளை பழுப்பாகும். குறைந்தால் உள்ளே ஈரம் தங்கும். எட்ட நின்று பார்ப்பவர்களுக்குச் சுலபமாகத் தெரியும். நமக்கும் தெரிந்தது, பிழிந்து பார்க்கச் சொன்னார்கள். நாம் பிழிந்தது கோபுரமாகவில்லை, மாட்டுக்கொம்பாயிற்று.

பார்த்துக்கொண்டிருக்கும்போதே நம் ஊர்ப் பால்கோவா அடுப்பு நினைவுக்கு வந்தது. பத்து லிட்டர் பாலில் ஒன்றேகால் கிலோ அளவு சர்க்கரையைப் போட்டு, விறகு எரிய எரிய, கை ஓயாமல் துழாவிக்கொண்டே இருந்தால் முடிவில் கிடைப்பது மூன்றரையிலிருந்து நாலு கிலோ. துழாவுவதைக் கொஞ்சம் நிறுத்தினால் அடிப்பிடித்துவிடும். பாலும் சர்க்கரையும் தவிர அதில் மூன்றாவது சரக்கு ஒன்று உண்டென்றால் அது மனிதனுடைய தோள்வலிதான். மக்ரூனிலும் அப்படியே. இரண்டும் பொறுமையைக் காய்ச்சி எடுத்த பண்டங்கள்.

பேச்சுவாக்கில், "அண்ணாச்சி, முந்திரி விலை ஏறிவிட்டதே, கட்டுப்படியாகிறதா?" என்று கேட்டோம்.

அவர் சிரித்தார். "கட்டுப்படியாகலேன்னா கடலைப் பருப்பைத் தூளாக்கிப் போடலாம், ஸார். பாதி விலைக்குக் குடுக்கலாம். பார்த்தா ஒண்ணுபோலத்தான் இருக்கும். வாங்குறதுக்கும் ஆள் இருக்கு."

"பின்னே ஏன் நீங்கள் செய்யவில்லை?"

"எங்க அப்பா போட்ட அடுப்பு, ஸார்" என்றார் அவர். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை.

அந்தப் 'பாதி விலை' என்ற வார்த்தை நம்மோடு கடற்கரை வரையில் வந்தது. பழைய துறைமுகத்தில் தோணிகள் கட்டி நின்றன. ஒரு காலத்தில் பாய்மரம் விரித்துப் போனவை; இப்போது யந்திரம் பொருத்தியிருக்கிறார்கள். மாலத்தீவுக்குக் காய்கறியும் கட்டடச் சாமான்களும் ஏற்றிக்கொண்டு போகும். மாலத்தீவின் பெயரைக் கேட்டால் இந்தக் கரையோரத்துச் சமையற்கட்டுகளுக்கு மாசிக்கருவாட்டின் ஞாபகம் வரும். அப்பால், 1974-இல் பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பட்ட புதுத் துறைமுகத்தின் பாரந்தூக்கிகள் வானத்தில் கோடு கிழித்துக்கொண்டிருந்தன. அந்தத் துறைமுகத்துக்கு 2011-ஆம் ஆண்டிலிருந்து வ. உ. சிதம்பரனார் பெயர்.

வ. உ. சி.யின் சரித்திரம் நம் வாசகர்களுக்குத் தெரிந்ததுதான். ஆனாலும் அந்தக் கடற்கரையில் நின்றுகொண்டு அதை நினைத்துப் பார்ப்பது வேறு அனுபவம். தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் நடுவே ஓடிய கப்பல்கள் எல்லாம் பிரிட்டிஷ் இந்தியா கம்பெனியாருடையவையாய் இருந்த காலம். 1906-இல் சுதேசி நாவாய்ச் சங்கம் பதிவாயிற்று. பங்கு ஒன்றுக்கு 25 ரூபாய், 40,000 பங்குகள், மூலதனம் 10 லட்சம். பாண்டித்துரைத் தேவர் தலைவர். ஹாஜி முகம்மது பக்கீர் சேட் ஒருவரே 2 லட்ச ரூபாய்க்குப் பங்கு வாங்கினார். முதலில் வாடகைக் கப்பல்; அதைக் கொடுத்தவர்களை எதிரிகள் மிரட்டி விலக்கியபின், பம்பாய்க்குப் போய்ச் சொந்தக் கப்பலோடுதான் திரும்புவேன் என்று புறப்பட்டார் சிதம்பரம் பிள்ளை. 1907-இல் 'காலியா', 'லாவோ' என்ற இரண்டு கப்பல்கள் வந்து சேர்ந்தன.

அதற்குப் பிறகு நடந்தது கட்டணப் போர். வெள்ளைக்காரக் கம்பெனி கட்டணத்தை ஒரு ரூபாயாகக் குறைத்தது. சுதேசிக் கம்பெனி எட்டணாவாகக் குறைத்தது. உடனே வெள்ளைக்காரக் கம்பெனி, "கட்டணமே வேண்டாம், இனாமாக வாருங்கள், ஏறுகிறவர்களுக்கு ஒரு குடையும் இனாம்!" என்றது.

குடை இனாம்! இந்த இரண்டு சொற்களை நாம் பாடப் புத்தகத்தில் எத்தனையோ தடவை வாசித்துக் காட்டியிருக்கிறோம். பிள்ளைகள் சிரிப்பார்கள். ஆனால் அது சிரிப்பதற்குரிய யுக்தி அல்ல. அந்தக் குடையின் விலை கம்பெனிக்கு ஒரு பொருட்டல்ல. சுதேசிக் கப்பல் கரையொதுங்கிவிட்டால் பிற்பாடு கட்டணத்தை எவ்வளவுக்கு வேண்டுமானாலும் ஏற்றிக்கொள்ளலாம் என்பதுதான் கணக்கு. குடை வேண்டாமென்று சொல்லிக் காசு கொடுத்துச் சுதேசிக் கப்பலில் ஏறியவர்கள் பலர் இருந்தார்கள் என்பதை நாம் மறக்கக் கூடாது. குடையை வாங்கிக்கொண்டவர்களைத் திட்டவும் நாம் தயாராயில்லை. கொழும்புக்குக் கூலி வேலைக்குப் போகிற ஏழைக்கு எட்டணா பெரிய தொகை. அவனிடம் தேச பக்திக்குப் பரீட்சை வைக்க நாம் யார்? கம்பெனியை வீழ்த்தியது குடை மட்டுமல்ல. 1908-ஆம் ஆண்டு கோரல் மில் தொழிலாளர்களின் வேலை நிறுத்தத்தை வ. உ. சி. முன்னின்று நடத்தினார். கூலி உயர்ந்தது, ஞாயிற்றுக்கிழமை விடுமுறை கிடைத்தது. அந்த மாதமே அவர் கைதானார். திருநெல்வேலியில் கலவரம் மூண்டு, துப்பாக்கிப் பிரயோகத்தில் நால்வர் மாண்டனர். ஜூலையில் அவருக்கு இரட்டை ஆயுள் தண்டனை. மேல் கோர்ட்டுகளில் அது பின்னர் குறைக்கப்பட்டது. கப்பல் ஓட்டியவர் கோயம்புத்தூர்ச் சிறையில் செக்கு இழுத்தார். தலைவன் உள்ளே போனதும் பங்குதாரர்களின் மனம் தளர்ந்தது. 1911-இல் கம்பெனி கலைந்தது. 1912 கடைசியில் அவர் விடுதலையாகி வெளியே வந்தபோது கப்பலும் இல்லை, கம்பெனியும் இல்லை. 1936 நவம்பர் 18-இல் இதே தூத்துக்குடியில் காலமானார்.

இப்போது பேக்கரி அண்ணாச்சியின் 'பாதி விலை'க்கு வருவோம். நெடுஞ்சாலைகளிலும் ரெயில் நிலையங்களிலும் 'ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா' என்று அட்டை ஒட்டி எத்தனை சரக்கு விற்கிறது! அவற்றில் பல, ஸ்ரீவில்லிபுத்தூர் எந்தத் திசையில் இருக்கிறதென்றே அறியாதவை. பால் மாவையும் மைதாவையும் கிளறி, அதிகச் சர்க்கரையால் குறையை மறைத்து, மலிவாகக் கொடுக்கிறார்கள். வாங்குகிறவர் லாபம் என்று நினைக்கிறார். உண்மையில் அவருக்குக் கிடைப்பது ஒரு குடை. நஷ்டம் யாருக்கு? மலையடிவாரத்துக் கிராமங்களில் இரண்டு மாடு வைத்துக்கொண்டு, விடியுமுன் பால் கறந்து சொசைட்டிக்குக் கொண்டு வருகிற பெண்பிள்ளைக்கு. பால்கோவா அடுப்பு அணைந்தால் அவளுடைய பாலுக்கு நியாயமான விலை சொல்ல ஆள் இராது. தூத்துக்குடியில் முந்திரிக்குப் பதில் கடலை போட்டால் நாளடைவில் ஜனங்கள் அதுதான் மக்ரூன் என்று நினைத்துக்கொள்வார்கள். அப்புறம் அசல் பண்டத்தைக் கொடுத்தால், "இதென்ன, ருசி மாறியிருக்கிறதே!" என்று கேட்பார்கள். நாக்கு மறந்துவிட்டால் எந்தச் சட்டத்தாலும் அதற்கு நினைவூட்ட முடியாது. புவிசார் குறியீடு பெயரைத்தான் காப்பாற்றும். பண்டத்தைக் காப்பாற்ற வேண்டியவர்கள் தின்கிறவர்கள்.

'ஏழைக்குப் பாதி விலைப் பண்டம் வேண்டாமா?' என்று டிராயிங் மாஸ்டர் ஆட்சேபித்தார். நியாயமான ஆட்சேபம். கடலை போட்ட பண்டத்தைக் கடலைப் பண்டம் என்று சொல்லி விற்கட்டும். கோவில்பட்டிக்காரர்கள் கடலையை வைத்துக்கொண்டே உலகப் பிரசித்தி அடையவில்லையா? கடலையில் குற்றமில்லை, பொய்ப் பெயரில்தான் குற்றம். எட்டணாவுக்கு வக்கில்லாதவன் இனாம் கப்பலில் போனதை மன்னிக்கலாம். பணம் படைத்தவர்கள், மோட்டாரில் வந்து இறங்குகிறவர்கள், அரைக் கிலோ மக்ரூனுக்குப் பேரம் பேசுவதை எந்தக் கணக்கில் மன்னிப்பது? நம் ராஜபாளையத்தில் பி. எஸ். குமாரசாமி ராஜா, 1949 முதல் 1952 வரையில் சென்னை ராஜ்யத்துக்கே தலைமை வகித்தவர், தாம் குடியிருந்த வீட்டையே காந்தி கலை மன்றத்துக்குக் கொடுத்துவிட்டார். அவ்வளவு தியாகம் யாரிடமும் நாம் கேட்கவில்லை. கேட்ட விலையைக் கொடுத்து, அசலை வாங்கி, அதன் ருசியைப் பிள்ளைகளின் நாக்குக்குப் பழக்கி வைத்தால் போதும்.

உப்பளங்களைப்பற்றி ஒரு வார்த்தை. குஜராத்துக்கு அடுத்தபடி தேசத்துக்கு உப்புப் போடுவது இந்த மாவட்டந்தான். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. தூத்துக்குடி நகரமே வெள்ளத்தில் மிதந்தது. உப்பளங்களில் குவித்து வைத்திருந்த உப்பு கரைந்து போயிற்று. மறு பருவத்தில் பாத்திகளைத் திரும்பக் கட்டித் திரும்ப உப்பு வாரினார்கள். வெள்ளை வெயிலில், வெள்ளைத் தரையில், கண்ணைச் சுருக்கிக்கொண்டு வாரிக்கொண்டிருந்த அந்த ஸ்திரீகளைப் பார்த்தபிறகு, சாப்பாட்டில் உப்புக் குறைந்ததென்று வீட்டில் சத்தம் போட நமக்கு வாய் எழவில்லை.

போக விரும்பும் வாசகர்களுக்கு நடைமுறையான சில வார்த்தைகள். மார்கழி, தை மாதங்களில் போனால் வெயில் பொறுத்துக்கொள்ளும். காலையில் மீன் ஏலம், முற்பகலில் பனிமய மாதா கோயில், மாலையில் முயல் தீவுப் பக்கம் கடற்காற்று, இரவில் 'நைட் கிளப்'. இதற்கு ஒரு நாள் போதும். கொற்கைக்கும் போக வேண்டுமானால் இரண்டு நாள். மக்ரூனுக்கு ஈரக்காற்று ஜன்ம சத்துரு. மூடி இறுக்கமான டப்பா ஒன்றை வீட்டிலிருந்தே எடுத்துப் போங்கள். வாங்கும்போது ஒன்றை உடைத்துப் பாருங்கள். முந்திரியானால் வாசனையே சொல்லும். பால்கோவாவை அங்குள்ள சிநேகிதர்களுக்குக் கொண்டு போகிறவர்கள் அன்றைக்குக் கிளறியதாகப் பார்த்து வாங்கவேண்டும். டிராயிங் மாஸ்டர் ஒரு கிலோ மக்ரூன் வாங்கினார். சாத்தூர் வந்தபோது டப்பாவில் முக்கால் கிலோ இருந்தது. கணக்குப் பாடம் நம்முடையதல்லவாதலால் மீதியை நாம் விசாரிக்கவில்லை.